கிருமிக்கு வினை உண்டா?

கொழும்பு ஆடிவேல் விழாவின் தொடக்கத்தில் ஒரு நோய் இருக்கிறது. கதிர்காம யாத்திரிகர்களோடு வாந்திபேதியும் ஊர் ஊராகப் பரவுகிறது என்று 1870களில் அஞ்சிய ஆங்கில அரசு, அந்த யாத்திரைக்குக் கட்டுப்பாடு விதித்தது. கதிர்காமம் போக முடியாதவர்கள் முருகனைக் கொழும்பிலேயே கொண்டாடத் தொடங்கினர். 1874 முதல், செட்டியார் தெருவிலிருந்து வேல் தேரேறிக் காலி வீதி வழியே பம்பலப்பிட்டிக்கு வரும் வழக்கம் இப்படித்தான் வேரூன்றியது. இந்த வரலாற்றைச் சொல்பவர்களில் ஒரு சாரார் இதை முருகன் திருவுளம் என்பர். மறுசாரார் கிருமி செய்த வேலை என்பர். இரண்டாவது விடை அறிவியலுக்கு உகந்ததாகத் தோன்றினாலும் முதலாவதைப் போலவே அதுவும் ஒரு பெரிய கேள்வியை உள்ளே வைத்திருக்கிறது. கிருமி ஒன்றைச் ‘செய்கிறது’ என்றால் அதற்குள்ளே செய்பவர் ஒருவர் இருக்கிறாரா? நாடுதலும் விலகுதலும், தங்குதலும் புறப்படுதலும் ஓர் உயிரியிடம் காணப்பட்டால், விருப்பும் அறிவும் அங்கே உண்டு என்று முடிவு கட்டலாமா? சைவர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்தும் சொல்லால் கேட்பதானால், கிருமிக்கு வினை உண்டா?

இதை வெறும் ஊகமாகப் பேசவேண்டிய தேவை இன்று இல்லை. வாந்திபேதிக்குக் காரணமான விப்ரியோ கொலரே என்ற பற்றீரியா, உலகில் மிக நுணுக்கமாக ஆராயப்பட்ட உயிரிகளுள் ஒன்று. முதல் ஆடிவேலுக்குப் பத்து ஆண்டுகளின் பின்னர், 1884இல், றொபேட் கொக் அதைக் கல்கத்தாவில் இனங்கண்டு உலகுக்கு அறிவித்தார். மனிதக் குடல் அதற்கு ஓர் இடைத்தங்கல்தான். உவர்நீர்க் களப்புகளும் ஆற்று முகத்துவாரங்களும் கரையோரக் கடலுமே அதன் இருப்பிடம். அங்கே அது இரண்டு வகையாக வாழ்கிறது. ஒன்று, நீந்தும் வாழ்வு. உடலின் ஒரு முனையில் உள்ள ஒற்றைச் சவுக்குமுளையைச் சோடியம் அயன்களின் ஓட்டம் சுழற்ற, அது நீரில் விரைகிறது. மற்றது, தங்கும் வாழ்வு. இறாலுக்கு உறவான நுண்ணிய மிதவையுயிர்களின் கைற்றின் ஓடு போன்ற ஒரு பரப்பை அடைந்ததும் அது ஒட்டிக்கொள்கிறது. பசைத்தன்மை கொண்ட பல்சக்கரைட்டு ஒன்றைச் சுரந்து தன்னையும் தன்னிலிருந்து பிரிந்தவற்றையும் அதனால் மூடிக்கொள்கிறது. இப்படி உருவாகும் உயிர்ப்படலத்துக்குள் இருக்கும் பற்றீரியாவுக்கு இரைப்பை அமிலத்தைத் தாங்கும் ஆற்றல்கூட மிகுதி. பசைக்குள் புதைந்தபடி நீந்த முடியாது. நீந்திக்கொண்டே படலம் கட்டவும் முடியாது. ஆகவே ஒன்றைத் தொடக்கும்போது மற்றதை நிறுத்தும் ஓர் ஏற்பாடு அதற்கு வேண்டும்.

அந்த ஏற்பாட்டின் நடுவில் இருப்பது சைக்கிளிக் டை-ஜி.எம்.பி. எனும் சிறிய மூலக்கூறு. ஜெருசலேம் ஹீப்ரு பல்கலைக்கழகத்தில் மோஷே பென்சிமன் குழுவினர் இதை 1987இல் வெளிப்படுத்தினர். அவர்கள் ஆராய்ந்தது நோய்க்கிருமியை அல்ல, செலுலோசை நெய்யும் பற்றீரியாவை. தேங்காய்த் தண்ணீரைப் புளிக்கவைத்து நாட்டா டி கோகோ செய்பவர்கள் பயன்படுத்துவதும் அந்த வகையைத்தான். இந்த மூலக்கூறை ஆக்கும் நொதியங்கள் ஒரு வகை, சிதைக்கும் நொதியங்கள் இன்னொரு வகை. விப்ரியோவின் பரம்பரையலகுத் தொகுதியில் இவ்விரு வகையும் சேர்ந்து ஏறத்தாழ அறுபது. நீரின் நிலை, சூழவுள்ள இரசாயனங்கள் போன்றவற்றுக்கேற்ப ஒவ்வொன்றும் கூடியும் குறைந்தும் இயங்க, கலத்துக்குள் இம்மூலக்கூறின் அளவு ஏறி இறங்குகிறது. அளவு ஏறும்போது நடப்பதை 2010இல் ஹொல்கர் சொன்டர்மன், ஃபிட்னாட் யில்டிஸ் ஆகியோரின் குழுக்கள் தெளிவாகக் காட்டின. வி.பி.எஸ்.ரி. என்ற புரதம் அம்மூலக்கூறைப் பற்றியதும் இரண்டிரண்டாக இணைந்து டி.என்.ஏ.யில் அமர்கிறது, பல்சக்கரைட்டுக்கான பரம்பரையலகுகள் விழிக்கின்றன, அசைவுக்குரியவை அடங்குகின்றன. எஃப்.எல்.ஆர்.ஏ. என்ற இன்னொரு புரதத்தின் கதை நேர்மாறானது. சவுக்குமுளைக்கான கட்டளைத் தொடரின் தலையில் இருப்பது அது. அதே மூலக்கூறு வந்து பற்றியதும் டி.என்.ஏ.யின் மீதுள்ள பிடியை இழக்கிறது. ஒரே குறிப்பு, இரண்டு புரதங்கள், எதிரெதிரான இரண்டு விளைவுகள். தங்கல் தொடங்குகிறது, அசைவு நிற்கிறது.

இதற்கு மேலும் ஒரு படி உண்டு. விப்ரியோ தன் இனத்தின் நெருக்கத்தையும் கணிக்கிறது. ஒவ்வொரு கலமும் வெளியிடும் சிறு மூலக்கூறுகள் சுற்றிலும் செறிந்தால் கூட்டம் பெருகிவிட்டது என்று பொருள். அப்போது ஹெச்.ஏ.பி.ஆர். என்ற புரதம் மிகுந்து பல்சக்கரைட்டு உற்பத்தியை அடக்குகிறது. படலம் தளர்ந்து பற்றீரியாக்கள் வெளியேற வழி பிறக்கிறது. ஆள் குறைவாக இருக்கும்போது சேர்ந்திருந்து காத்துக்கொள்வதும், பெருகியபின் கலைந்து புதிய இடம் தேடுவதும் கைதேர்ந்த ஒரு நிர்வாகியின் திட்டம் போல் தோன்றுகிறது. ஆய்வாளர்களே ‘முடிவெடுக்கிறது’, ‘உணர்கிறது’, ‘பேசிக்கொள்கிறது’ என்றெல்லாம் எழுதுகிறார்கள். ஆயினும் முடிவு என்று சொல்லப்படுவதன் பாகங்களைப் பிரித்துப் பார்த்தால், அதில் எந்தப் பாகத்துக்கும் முழுமையும் தெரியாது. வி.பி.எஸ்.ரி.க்கு நீர் எது, பரப்பு எது என்று தெரியாது. அதன் குழியில் ஒரு மூலக்கூறு பொருந்துகிறது, அவ்வளவே. கோலோபக்டர் போன்ற பற்றீரியாக்கள் பிரியும்போது இம்மூலக்கூறு இரு மகள் கலங்களுக்கும் சமமாகப் பங்கிடப்படுவதில்லை என்பதும் 2010இல் தெரியவந்தது. குறைவாகப் பெற்றது நீந்துகிறது, கூடுதலாகப் பெற்றது நிற்கிறது. இரண்டுக்கும் பரம்பரையலகுகள் ஒன்றே. ‘எனக்கு நீந்துவதே விருப்பம்’ என்று ஒன்றும் ‘எனக்கு இருப்பதே விருப்பம்’ என்று மற்றதும் சொல்வதாகக் கற்பனை செய்யலாம். ஆனால் அந்த வாக்கியங்கள் இல்லாமலே நடந்ததை முழுதாக விளக்க முடிகிறது.

இந்தச் சான்றிலிருந்து இரண்டு அவசர முடிவுகளுக்குத் தாவுவோர் உண்டு. இவ்வளவு நோக்கமுள்ள நடத்தை இருப்பதால் கிருமிக்குள்ளும் ஓர் உயிரறிவு இயங்குகிறது என்பது முதலாவது. நோக்கமுள்ள நடத்தைக்கு அறிவே தேவையில்லை என்று தெரிந்துவிட்டதால் மனிதரிடத்திலும் ஆன்மா என ஒன்றைக் கொள்ளத் தேவையில்லை என்பது இரண்டாவது. ஒன்று பக்தியின் குரலிலும் மற்றது பகுத்தறிவின் குரலிலும் பேசினாலும், இரண்டும் ஒரே எடுகோளில் நிற்கின்றன. செயலைக் கொண்டே உயிரை நிறுவ வேண்டும் அல்லது மறுக்க வேண்டும் என்பதே அந்த எடுகோள். என் வாதம் அதற்கு எதிரானது. ஒழுங்கான செயல் அறிவுக்குச் சான்றாகாது. அதே காரணத்தால், அறிவில்லாத ஒழுங்கான செயல் ஒன்றைக் கண்டுபிடித்ததனால் அறிவு எங்குமே இல்லை என்றும் ஆகாது. இந்த நிலைப்பாட்டை எடுக்கச் சைவ சித்தாந்தி எதையும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. அவருடைய மூல நூலே இந்த வழியில்தான் நடக்கிறது.

மெய்கண்டார் பதின்மூன்றாம் நூற்றாண்டில் செய்த சிவஞானபோதத்தின் மூன்றாம் சூத்திரம் ஆன்மா உண்டு என்பதற்குக் காரணங்களை அடுக்குகிறது. அக்காரணங்களில் எதுவும் ‘உடம்பு ஒழுங்காக இயங்குகிறது, ஆகவே உயிர் உண்டு’ என்ற வடிவில் இல்லை. எல்லாவற்றையும் இல்லை இல்லை என்று கழித்து வரும்போது அப்படிக் கழிப்பதை அறிந்து நிற்கும் ஒன்று உண்டு. ‘என் உடம்பு’ என்று உடம்பைத் தன்னின் வேறாகச் சுட்டும் ஒன்று உண்டு. ஒவ்வொரு புலனும் தனக்குரியதை மட்டும் அறிய, ஐந்தையும் ஒருங்கே அறியும் ஒன்று உண்டு. அறிவிக்க அறியும் ஒன்று உண்டு என்று அது செல்கிறது. எல்லாமே அறிதலைப் பற்றியவை. உடம்பையோ மாயையிலிருந்து ஆக்கப்பட்ட ஓர் இயந்திரமாகவே அச்சூத்திரம் கொள்கிறது. அதிலும் உறக்கத்தைப் பற்றிய காரணம் நமக்கு மிக நெருக்கமானது. ஆழ்ந்த உறக்கத்தில் மூச்சு தவறாமல் ஓடுகிறது, ஆனால் நுகர்ச்சியும் இல்லை, அறிந்து செய்யும் தொழிலும் இல்லை. எனவே மூச்சை நடத்தும் பிராணனை ஆன்மா எனக் கொள்ளலாகாது. நம் உடம்புக்குள்ளேயே அறிவு கலவாத, ஆனால் பிசகாத ஒழுங்கோடு நடக்கும் தொழில் உண்டு என்று சித்தாந்தம் எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே ஏற்றுக்கொண்டிருக்கிறது. கருவிகள் சடம் என்பது அதன் அடிப்படைக் கொள்கை. வி.பி.எஸ்.ரி.யும் எஃப்.எல்.ஆர்.ஏ.யும் அந்தச் சடக் கருவிகளின் வரிசையில் தயக்கமின்றிச் சேரும்.

இதற்குச் சைவ மரபுக்குள்ளிருந்தே ஒரு மறுப்பு எழலாம். எண்பத்து நான்கு நூறாயிரம் பிறவி பேதங்களைச் சொல்லும் மரபு புழுவுக்கும் புல்லுக்கும் உயிர் உண்டு என்கிறது. தொல்காப்பிய மரபியல் ஓரறிவு தொடங்கி ஆறறிவு ஈறாக உயிர்களை வகுக்கிறது. அந்த ஏணியின் முதற்படி தொடுவுணர்வு. பரப்பைத் தொட்டு அறியும் விப்ரியோ ஓரறிவுயிர் ஆகாதா? சமணர் நிகோதம் என்று கண்ணுக்கெட்டாத ஓரறிவுயிர்களைக் கொண்டதும் இதற்குத் துணை நிற்கும். இம்மறுப்பை நான் பாதி ஏற்கிறேன். ஆணவத்தால் அறிவு முற்றும் மறைக்கப்பட்ட ஓர் உயிர் அந்த நுண்ணுடம்பில் தங்கியிருக்கக்கூடும் என்று சித்தாந்தி சொன்னால், நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து அதை மறுக்க யாராலும் இயலாது. ஆனால் அது நூலின் வழியும் நம்பிக்கையின் வழியும் வரும் முடிவு. பரப்பைத் தொட்டதும் பசை சுரக்கிறது என்பதை அதற்குச் சான்றாக இழுப்பதுதான் தவறு. ஏணியை வகுத்தவர்கள் பொறியின் வழி அறிவு வரும் என்றார்கள். பொறி இருந்தால் போதும், அறிவு இருந்தே தீரும் என்று சொல்லவில்லை. வாசல் கதவு தானாகத் திறக்கும் கடைகள் காலி வீதியில் பல உண்டு. வருபவரை அக்கதவு அறிந்து வரவேற்கிறது என்று எவரும் எண்ணுவதில்லை. விப்ரியோ அந்தக் கதவைவிடப் பலகோடி மடங்கு நுட்பமானது என்பது மெய். நுட்பம் கூடினால் ஒரு கட்டத்தில் அறிவு ஆகிவிடும் என்பதோ நிறுவப்படாத கூற்று.

எதிர்த்திசையிலிருந்து வரும் மறுப்பு இதைவிட வலியது. மனித மூளையும் புரதங்களாலும் அயன்களாலும் ஆனதுதானே. பற்றீரியாவில் ‘விருப்பம்’ என்ற சொல் தேவையற்றுப் போனது போல மனிதரிலும் ஒருநாள் போகாதா? இதைக் கேட்பவர் தமக்குத் துணையாக நம் நாட்டு விஞ்ஞானி சிறில் பொன்னம்பெருமவை அழைக்கலாம். காலியில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் மெய்யியலில் பட்டம் பெற்று, பின்னர் உயிரின் இரசாயனத் தோற்றத்தை ஆராய்ந்து, கண்டியில் அடிப்படை ஆய்வு நிறுவனத்துக்குத் தலைமை தாங்கியவர் அவர். பூமியின் தொடக்க கால நிலைமைகளைப் போலச் செய்த பரிசோதனைகளில், உயிர்க் கலங்களின் சக்தி நாணயமான ஏ.ரி.பி. மூலக்கூறு உயிரின் துணையின்றியே உருவாக முடியும் என்று 1960களில் அவர் குழு காட்டியது. சடத்துக்கும் உயிருக்கும் இடையே வெட்டிய கோடு கிடையாது என்பதே அவர் ஆய்வின் போக்கு. கோடு இல்லையாயின் வேறுபாடும் இல்லை என்று வாதிடுவது எளிது. ஆனால் எல்லையைச் சுட்ட முடியாமை இரு பக்கமும் ஒன்று என்பதற்கு ஆதாரமாகாது. அதைவிட முக்கியமானது வேறொன்று. பற்றீரியாவில் அறிபவர் ஒருவர் உண்டு என்பது நடத்தையை விளக்க நாம் கொண்டுவரும் கருதுகோள். நடத்தை வேறு வழியில் விளங்கிவிட்டால் அது தேவையற்றதாகிறது. நம்மில் அறிதல் என்பது அப்படி யாரோ கொண்டுவந்த கருதுகோள் அல்ல. விப்ரியோவைப் பற்றிய விளக்கத்தை வாசிப்பதும், ஏற்பதும், சந்தேகிப்பதும் அதுதான். ‘அறிபவர் இல்லை’ என்ற முடிவையும் ஒருவர் அறிந்தே சொல்கிறார்; மெய்கண்டார் தம் காரணங்களை இந்த இடத்தில் தொடங்கியது தற்செயல் அல்ல.

பற்றீரியாவும் அறிவிக்க அறிகிறதே, அயல் கலங்களின் குறிப்பைப் பெற்று நடக்கிறதே என்று மேலும் கேட்கலாம். குறிப்பைப் பெறுவதற்கும் அறிவிக்க அறிவதற்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு: பிழை. ஆய்வுகூடத்தில் சைக்கிளிக் டை-ஜி.எம்.பி. ஆக்கும் நொதியம் ஒன்றைச் செயற்கையாக மிகுவித்தால், தங்குவதற்கு எந்தக் காரணமும் இல்லாத இடத்திலும் பற்றீரியா பசையைச் சுரந்து நின்றுவிடும். பார்க்கும் நமக்கு அது ஏமாந்துவிட்டது. அதற்கோ ஏமாற்றம் என்று ஒன்று இல்லை. குறிப்பு வந்தது, தொடர் ஓடியது. தான் கொண்டது பொய் என்று பின்னர் காணக்கூடியவருக்கே பிழை என்பது உண்டு. சொல்லப்பட்டதை ‘இது மெய்தானா’ என்று திருப்பிக் கேட்கும் ஆற்றல் எங்கே தொடங்குகிறதோ, அறிவிக்க அறிதலும் அங்கேதான் தொடங்குகிறது. அந்தக் கேள்வியை எழுப்பக்கூடிய உயிரினங்கள் எவை என்பதில் நமக்குத் தெளிவில்லாமல் இருக்கலாம். விப்ரியோவின் குறிப்புத் தொடரில் அந்தக் கேள்விக்கு இடமில்லை என்பதில் தெளிவு உண்டு.

பம்பலப்பிட்டியின் இன்னொரு மரபு இதே இடத்துக்கு வேறு வழியாக வந்து சேர்கிறது. வஜிரா வீதியில் உள்ள வஜிராராமய விகாரையிலிருந்து எழுதிய நாரத தேரர், பௌத்த உரைமரபில் வரும் ஐந்து நியாமங்களைத் தம் நூல்களில் எடுத்து விளக்கினார். பருவ ஒழுங்கு, வித்து ஒழுங்கு, கர்ம ஒழுங்கு, தர்ம ஒழுங்கு, சித்த ஒழுங்கு என்பன அவை. உலகில் நிகழ்வன அனைத்தும் கர்மத்தால் நிகழ்கின்றன என்ற எண்ணத்தை மறுப்பதற்கே அந்தப் பாகுபாடு பயன்படுகிறது. வித்து முளைப்பதும் கனி அதன் இனத்தின் சுவையோடு வருவதும் வித்து ஒழுங்கு. அங்கே நல்வினை தீவினை என்ற பேச்சுக்கு இடமில்லை. பௌத்தத்தில் கர்மம் என்பது சேதனை, அதாவது எண்ணித் துணிதல். ஆன்மா உண்டு என்னும் சைவமும் இல்லை என்னும் பௌத்தமும் இதில் உடன்படுவது கவனிக்கத்தக்கது. வினையின் இடம் அறிந்து துணியும் இடம்; ஒழுங்காக நடக்கும் இடங்கள் எல்லாம் அல்ல. விப்ரியோவின் பசையும் சவுக்குமுளையும் வித்து ஒழுங்கில் அடங்குபவை.

இது புத்தக விவகாரம் அன்று. நோய் வரும்போது மக்கள் பழிக்கு ஆள் தேடுகிறார்கள். கிருமியைக் கொடியது என்கிறோம்; நோயாளியின் முன்வினை என்கிறோம்; தெய்வத்தின் சினம் என்கிறோம். முதற் பழியைச் சான்றுகள் தாங்கவில்லை. வாந்திபேதியின் நச்சைக் கல்கத்தாவில் சம்பு நாத் டே 1959இல் நிறுவினார். அந்த நச்சுக்கான பரம்பரையலகு விப்ரியோவுக்குள் நுழைந்து தங்கிய ஒரு வைரசின் சொத்து என்று 1996இல் வோல்டரும் மெக்கலானோசும் காட்டினர். நீரில் தங்கலையும் அசைவையும் மாற்றும் அதே சைக்கிளிக் டை-ஜி.எம்.பி. குடலில் குறைந்தால்தான் நச்சுருவாக்கம் செவ்வனே நடக்கிறது; வி.ஐ.ஈ.ஏ. என்ற புரதம் அதைச் சிதைத்துக் குறைக்கிறது. களப்பில் பிழைப்பதற்கான ஏற்பாடும் குடலில் ஒருவரைச் சாகடிக்கும் ஏற்பாடும் ஒரே குறிப்பின் இரண்டு அளவுகள். இதில் பகை எங்கும் இல்லை. இரண்டாவது பழி, அதாவது நோயாளியின் முன்வினை, இன்னும் மோசமானது. வினைக் கொள்கை ஒருவர் தம் துன்பத்தை எப்படி எதிர்கொள்வது என்பதற்கு வழி. பிறர் துன்பத்துக்குத் தீர்ப்புச் சொல்ல எவருக்கும் கொடுக்கப்பட்ட அதிகாரம் அல்ல. துன்பம் தன்னாலும் பிற உயிர்களாலும் தெய்வத்தாலும் வரலாம் என்று மூவகை வகுத்த மரபு, பிற உயிர்களால் வருவதற்குத் தனி இடம் வைத்தது ஏன் என்று சிந்திக்க வேண்டும்.

அப்படியானால் கிருமியை அனுப்பிய இறைவன் பழியேற்க வேண்டாமா என்பது இறுதி மறுப்பு. இதற்கு முழு விடை என்னிடம் இல்லை. எளிதாகச் சொல்லிவிட்டால் அந்த விடையை நம்பவும் கூடாது. சொல்லக்கூடியது இவ்வளவுதான்: பரப்பில் ஒட்டி வாழும் ஏற்பாடு தன்னளவில் தீமை அன்று. அதே வகைக் குறிப்பு மூலக்கூறுதான் தேங்காய்த் தண்ணீரிலிருந்து உணவு செய்யும் பற்றீரியாவிலும் இயங்குகிறது. அழுக்கு நீர் குடிநீரோடு கலக்கும்போதுதான் களப்பின் வாழ்வு குடலின் சாவாகிறது. அந்தக் கலப்பை உண்டாக்குவதும் தடுப்பதும் மனிதர். கொழும்புக்கு 1880களில் லபுகம நீர்த்தேக்கத்திலிருந்து குழாய்நீர் வந்தது. பங்களாதேஷ் கிராமங்களில் பழைய பருத்திச் சேலையை நான்கு மடிப்புக்குக் குறையாமல் மடித்துக் குளத்து நீரை வடித்தவர்களிடையே வாந்திபேதி ஏறத்தாழப் பாதியாகக் குறைந்ததை ரீட்டா கொல்வெல் குழு 2003இல் வெளியிட்டது. மிதவையுயிர்களில் விப்ரியோ ஒட்டிக்கொள்கிறது என்று தெரிந்ததனால்தான், அவற்றைத் துணியில் தடுத்தால் ஒட்டியதும் தடுபடும் என்று எண்ண முடிந்தது. தன் பழக்கம் தனக்குத் தெரியாத உயிரியின் பழக்கத்தை நாம் தெரிந்துகொண்டோம்.

அறிவு உள்ள இடத்தில்தான் வினை உண்டு என்றால், இந்த நோயில் வினையின் முழுப் பாரமும் நம் பக்கமே விழுகிறது. கிருமி தன் குறிப்புக்கு ஏற்ப ஒட்டும் அல்லது நீந்தும். வேறுவிதமாகச் செய்திருக்கலாம் என்று அதனிடம் சொல்ல ஒன்றும் இல்லை. நம்மிடம் அப்படிச் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். 1874இல் இருந்தவர்கள் கிருமியை அறியாததால், அவர்கள் யாத்திரையை மறித்ததையும் தெய்வத்திடம் முறையிட்டதையும் அறியாமையின் கணக்கில் வைக்கலாம். அது எங்கே ஒட்டும், எப்போது நகரும் என்று புரதம் புரதமாக அறிந்துகொண்ட பின்னர் ஒரு நகரம் தன் கால்வாயும் குடிநீரும் கலக்க விட்டால், அதை விதி என்றோ கிருமியின் கொடுமை என்றோ சொல்ல முடியாது. அது அறிந்து செய்த வினை.